ஊமைப் பலகைக்கு உயிர் கொடுப்பவர்கள்

மேஜை மீது உள்ளங்கை அகலத்தில் ஒரு பச்சைப் பலகை. தொழிற்சாலையிலிருந்து அன்று காலைதான் வந்திருக்கிறது. சிப்கள் எல்லாம் ஒழுங்காகப் பொருத்தப்பட்டிருக்கின்றன. மின்சாரம் கொடுத்ததும் சிவப்பு விளக்கு எரிகிறது. அதோடு சரி. பக்கத்துக் கம்ப்யூட்டர் திரையில் ஓர் எழுத்துகூட வரவில்லை. கையில் மல்ட்டிமீட்டரோடு நிற்கும் இளம் பொறியாளருக்கு அன்று மதியச் சாப்பாடு ஆறிப்போகும் என்பது மட்டும் உறுதி.

அரண்மனைக்கும் பட்டுக்கும் பெயர் போன மைசூரில் இந்தக் காட்சி இன்று அபூர்வமல்ல. நகரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில் உள்ள நஞ்சன்கூட்டில், ஆஸ்திரிய நிறுவனமான ஏடி அண்ட் எஸ் வெற்றுச் சர்க்யூட் போர்டுகளைத் தயாரிக்கிறது. அந்த ஆலை 1999-ல் இண்டால் எலெக்ட்ரானிக்ஸிடமிருந்து அதன் கைக்கு வந்தது. போர்டுகளில் சிப்களைப் பொருத்தித் தரும் கேன்ஸ் டெக்னாலஜி 1988-ல் மைசூரில் தொடங்கி, 2022 நவம்பரில் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. அந்தச் சிப்களுக்கான சாஃப்ட்வேர் எழுதும் எல் அண்ட் டி டெக்னாலஜி சர்வீசஸுக்கும் இங்கே வளாகம் இருக்கிறது. பலகை வார்ப்பது, அதை நிரப்புவது, அதற்குப் பேச்சுக் கற்றுக் கொடுப்பது ஆகிய மூன்று வேலைகளும் ஒரு மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

முதல் இரண்டு வேலைகளை ஆலையில் நேரில் பார்க்கலாம், படம் பிடிக்கலாம், அமைச்சர்கள் திறந்து வைக்கலாம். மூன்றாவது கண்ணில் படாத வேலை. அதன் பெயர் போர்டு சப்போர்ட் பேக்கேஜ், சுருக்கமாக பி.எஸ்.பி.

ஒரு கெட்டிக்காரச் சமையல்காரர் புதிய வீட்டுக்கு வேலைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாம்பார் வைக்க அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் புளி எந்த டப்பாவில் இருக்கிறது, கேஸ் அடுப்பில் எந்தக் குமிழ் எந்தப் பக்கத்துக்கு என்று யாராவது காட்டித்தான் ஆக வேண்டும். லினக்ஸ், வி.எக்ஸ்.வொர்க்ஸ் போன்ற ஆபரேட்டிங் சிஸ்டங்கள் அந்தச் சமையல்காரர். நினைவகம் எந்த முகவரியில் தொடங்குகிறது, கடிகாரத் துடிப்பு எங்கிருந்து வருகிறது, எந்தக் கம்பியில் எந்தக் கருவி இருக்கிறது என்றெல்லாம் காட்டிக் கொடுப்பது பி.எஸ்.பி. இந்தப் பெயரை 1981-ல் முதலில் பயன்படுத்தியது ஹண்டர் அண்ட் ரெடி என்ற அமெரிக்க நிறுவனம். தங்களுடைய வி.ஆர்.டி.எக்ஸ் சிஸ்டத்தை வெவ்வேறு போர்டுகளில் ஓட்டத் தேவையான பகுதியை மட்டும் தனியே பிரித்து அப்படி அழைத்தார்கள்.

வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு இந்தத் தலைவலி இல்லை. தன்னிடம் என்னென்ன உண்டு என்பதை அதுவே ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் சொல்லிவிடும். லிஃப்ட், இன்சுலின் பம்ப், மின்சார மீட்டர், ரயில் சிக்னல் இவற்றுக்குள் இருக்கும் போர்டுகள் அப்படிச் சொல்வதில்லை. ஒவ்வொன்றும் ஒரு தினுசு. ஏ.ஆர்.எம் சிப் கொண்ட போர்டுகள் பெருகப் பெருக, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோப்பு என்று லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் வீங்கிக்கொண்டே போனது. 2011-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் இதைப் பார்த்து வெளிப்படையாகவே எரிந்து விழுந்தார். அதற்குப் பிறகுதான் போர்டின் விவரங்களைத் தனி அட்டவணையாக எழுதிக் கொடுக்கும் 'டிவைஸ் ட்ரீ' முறை அங்கே வேரூன்றியது.

நிறுவும் வேலை போர்டில் தொடங்குவதில்லை. பொறியாளரின் கம்ப்யூட்டரில் தொடங்குகிறது. சிப் தயாரிப்பாளர் தரும் தொகுப்பை இறக்கி, யோக்டோ போன்ற கருவியால் முழு சிஸ்டத்தையும் கட்ட வேண்டும். சுமார் 100 கிகாபைட் காலி இடமும் சில மணி நேரப் பொறுமையும் தேவை. சிப் நிறுவனம் தந்த அடுக்கு ஒரு யோக்டோ வெளியீட்டுக்கும், கையில் இருப்பது வேறொரு வெளியீட்டுக்கும் என்றால் முதல் படியிலேயே கதவடைப்பு. ஆகவே, ஆவணத்தில் சொன்ன பதிப்பு எண்ணை அப்படியே பின்பற்றுவதுதான் அனுபவசாலிகளின் வழக்கம். புதியதைப் போட்டுப் பார்க்கும் ஆசையெல்லாம் முதல் முறை ஓடிய பிறகுதான்.

அப்புறம் அந்த ஊமைப் பலகை. சாஃப்ட்வேரைச் சந்தேகிப்பதற்கு முன் மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பால பாடம். 3.3 வோல்ட், 1.8 வோல்ட் என்று ஒவ்வொரு இணைப்பிலும் வர வேண்டியது வருகிறதா? கடிகாரப் படிகம் துடிக்கிறதா? ரீசெட் கம்பி விடுபட்டிருக்கிறதா? எஸ்.டி. கார்டிலிருந்து தொடங்கு என்று சொல்ல வேண்டிய சிறு சுவிட்சுகள் வேறு திசையில் இருக்கின்றனவா? பாதி வழக்குகள் இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து சீரியல் கம்பி. போர்டு பேசும் முதல் மொழி அதுதான். ஒரு பக்கம் அனுப்பும் முனை மறுபக்கம் வாங்கும் முனையோடு சேர வேண்டும். மாற்றிச் செருகினால் நிசப்தம். வேகம் பெரும்பாலும் நொடிக்கு 1,15,200. திரையில் குப்பை எழுத்துகள் கொட்டினால் புதியவர்கள் பதறுவார்கள், பழையவர்கள் சிரிப்பார்கள். போர்டு உயிரோடு இருக்கிறது, வேகம் மட்டும் பொருந்தவில்லை என்று அர்த்தம். பழைய கம்ப்யூட்டரின் சீரியல் முனையை நேரடியாக 3.3 வோல்ட் சிப்பில் செருகுவது மட்டும் கூடாது. அது கருகிவிட்டால் எந்த சாஃப்ட்வேரும் காப்பாற்றாது.

போர்டு எந்தக் கட்டத்தில் நின்றதோ, அந்தக் கட்டமே துப்பு. முதலில் ஓடும் பூட்லோடர் இரண்டு வரி பேசிவிட்டு உறைந்தால், நினைவகச் சிப்புக்கான நேரக் கணக்கு தவறாக இருக்கலாம். கெர்னல் தொடங்குகிறது என்ற வரியோடு எல்லாம் அடங்கினால், வேறு போர்டின் டிவைஸ் ட்ரீ ஏற்றப்பட்டிருக்கலாம். அல்லது கெர்னல் ஒழுங்காக ஓடிக்கொண்டே வேறொரு முனையில் பேசிக்கொண்டிருக்கலாம். கோப்புகள் உள்ள வட்டுக்காகக் காத்திருக்கிறேன் என்று நின்றால், சேமிப்புச் சிப்புக்கான டிரைவர் சேர்க்கப்படவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுதி வை. இதைவிடப் பெரிய ரகசியம் இந்தத் தொழிலில் கிடையாது.

1997 ஜூலை 4-ல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்துக்கும் இந்தப் பாடம்தான் கைகொடுத்தது. சில நாட்களில் அதன் கம்ப்யூட்டர் தானாக நின்று நின்று மறுபடி தொடங்கியது. கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் மல்ட்டிமீட்டர் வைக்க முடியாது. கலிஃபோர்னியாவிலிருந்த அச்சு அசலான நகல் இயந்திரத்தில் அதே கோளாறை வரவழைக்கப் பொறியாளர்கள் பாடுபட்டார்கள், கடைசியில் வரவழைத்தார்கள். முக்கியத்துவம் குறைந்த ஒரு வேலை பொதுச் சாவியைக் கையில் வைத்திருக்க, மிக அவசரமான வேலை அதற்காகக் காத்துக்கிடக்க, நடுத்தர வேலை ஒன்று குறுக்கே புகுந்து நேரத்தைத் தின்றிருக்கிறது. வி.எக்ஸ்.வொர்க்ஸில் அதைத் தடுக்கும் வசதி ஏற்கெனவே இருந்தது, இயக்கப்படவில்லை, அவ்வளவுதான். பூமியிலிருந்து திருத்தம் போனது, கோளாறு தீர்ந்தது. உள்ளே என்ன நடக்கிறது என்பதை முழுக்கத் தெரிந்தவர்கள் இருந்ததால் அது சாத்தியமாயிற்று.

இந்தியாவின் கவலை அங்கேதான் ஆரம்பமாகிறது. சிப் நிறுவனம் ஒரு குறிப்பிட்ட கெர்னல் பதிப்பின் மேல் தன் பி.எஸ்.பி.யைக் கட்டித் தருகிறது. சில ஆண்டுகளில் அடுத்த சிப் வந்ததும் அதன் கவனம் அங்கே போய்விடும். ஆனால் ரயில் சிக்னலும் மருத்துவமனைக் கருவியும் 15, 20 ஆண்டுகள் உழைக்க வேண்டியவை. இடையில் ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டால் அடைப்பது யார்? பி.எஸ்.பி.யைத் திறந்து படித்துப் புதிய கெர்னலுக்கு நகர்த்தத் தெரிந்தவர்கள் உள்ளூரில் இருந்தால் பிழைத்தோம். இல்லையென்றால், பலகை நஞ்சன்கூட்டில் பிறந்திருந்தாலும் அதன் குடுமி வேறொருவர் கையில்.

இந்தத் திறமை இங்கே முளைக்காததல்ல. 2001-ல் பெங்களூரில் உருவான சிம்ப்யூட்டர், ஸ்ட்ராங் ஏ.ஆர்.எம் சிப்பில் லினக்ஸை ஓட்டிக் காட்டியது. சந்தையில் அது தோற்றாலும், அதைக் கட்டியவர்கள் ஒரு கையடக்கக் கம்ப்யூட்டரை அடியிலிருந்து எழுப்பிப் பார்த்தவர்கள் ஆனார்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி சிப் 2018-ல் லினக்ஸை இயக்கியபோது சிப்பின் வடிவமைப்பும் உள்ளூர், அதை எழுப்பியவர்களும் உள்ளூர்.

2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை மின்னணு உதிரிபாகத் தயாரிப்புக்கு 22,919 கோடி ரூபாய் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. பலகைகள் இன்னும் பெருகும். அவற்றை எழுப்பும் ஆட்கள் அதே வேகத்தில் பெருகுவார்களா என்பதுதான் கேள்வி. கல்லூரிகளில் லினக்ஸ் கட்டளைகள் கற்றுத் தருகிறார்கள். பேசாத போர்டு ஒன்றை மாணவன் கையில் கொடுத்து, பேச வைத்துவிட்டு வா என்று அனுப்பும் வகுப்பறைகள் குறைவு.

மாலை ஆறு மணி. அந்தப் பச்சைப் பலகை இன்னும் மேஜையில்தான் இருக்கிறது. ஒரு சுவிட்ச் தலைகீழாக இருந்தது கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. மறுபடி மின்சாரம். திரையில் ஒரு வரி, அப்புறம் நூறு வரிகள், கடைசியில் உள்ளே வர அழைக்கும் லாகின். பொறியாளர் கை தட்டவில்லை. நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எந்த சுவிட்ச், எந்தத் திசை என்று எழுதி வைக்கிறார். அவர் நாளை வேறு வேலைக்குப் போய்விட்டாலும் இதே பலகையோடு இன்னொருவர் அங்கே உட்காருவார்.