துணை வருபவரின் பங்கு

நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இடைவிடாமல் முடிக்கும் போட்டியே டிரையத்லான். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இது முதன்முதலாக இடம்பெற்றது. இன்று ஆசிரியர், தாதியர், அலுவலக ஊழியர் எனப் பலரும் ஆர்வத்தால் இதில் பங்கேற்கின்றனர். நெகிரி செம்பிலானில் போர்ட்டிக்சன் கடற்கரை இப்போட்டிக்குப் பெயர் பெற்றது. சிலர் தாய்லாந்தின் பூக்கெட் போன்ற இடங்களுக்கும் சென்று போட்டியிடுகின்றனர். அவர்களுடன் வாழ்க்கைத் துணையும் செல்வதுண்டு. அவ்வாறு செல்பவர் வெறும் பார்வையாளர் அல்லர். அவரும் அப்போட்டிக்காக உழைப்பவரே.

மிதிவண்டியைக் கழற்றிப் பெட்டியில் அடுக்குவது முதல் அவரது வேலை தொடங்குகிறது. அயல்நாட்டில் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளும் உணவைத் தேட வேண்டும். விடியுமுன் எழுந்து கடற்கரைக்குச் செல்ல வேண்டும். சில விநாடிகள் கண்ணில் படும் துணைவருக்காகப் பல மணி நேரம் வெயிலில் காத்திருக்க வேண்டும். போட்டி முடிந்ததும் களைத்தவரைத் தாங்கிப் பிடிப்பதும் அவரே.

1978ஆம் ஆண்டு ஹவாயில் முதலாவது ‘அயர்ன்மேன்’ போட்டி நடந்தது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42.2 கிலோமீட்டர் ஓட்டம் என அது மிக நீண்டது. தண்ணீரும் உணவும் கொடுக்க, ஒவ்வொரு போட்டியாளரும் தம் உதவியாளர்களைத் தாமே அழைத்து வந்தனர். 15 பேர் தொடங்கி, 12 பேர் முடித்தனர். இன்றைய விதிகள், போட்டியின்போது வெளியார் உதவுவதைத் தடுக்கின்றன. ஆனால், போட்டிக்கு முன்னும் பின்னும் துணை செய்யும் உழைப்பு சிறிதும் குறையவில்லை.

நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்தோருக்கு இது புதிதன்று. லிங்கி, ரந்தாவ், சிலியாவ் வட்டாரங்களில் விடியுமுன்பே பெரட்டுக் களம் கூடிவிடும். கணவன் பால்மரம் சீவ, மனைவி மங்கு துடைத்து, ஒட்டுப்பால் உருவி, வாளியில் பால் சுமந்தாள். பல குடும்பங்களில் செக்ரோல் எனும் பெயர்ப்பதிவேட்டில் இருந்தது ஒருவர் பெயர். நிரையில் சிந்தியதோ இருவர் வியர்வை. பதக்கத்தில் ஒருவர் பெயரை மட்டும் காணும் இன்றைய தலைமுறை, அந்தப் பழைய கணக்கை மறந்துவிடக்கூடாது.

“போட்டியிடுவது ஒருவரின் சொந்த விருப்பம், அதற்காக மற்றவர் ஏன் அலைய வேண்டும்?” என்று சிலர் கேட்பர். இக்கேள்வியில் நியாயம் உண்டு. ஒருவர் வாரந்தோறும் பயிற்சிக்குச் செல்ல, மற்றவர் ஆண்டு முழுவதும் பிள்ளைகளையும் வீட்டையும் தனியே கவனித்தால், அது துணையன்று, சுமையாகும். ஆகவே, செலவு, விடுமுறை, பயிற்சி நேரம் ஆகியவற்றை இருவரும் கலந்து பேசியே முடிவெடுக்க வேண்டும். இவ்வாண்டு கணவன் போட்டியிட்டால், அடுத்த ஆண்டு மனைவியின் விருப்பத்திற்கு அவன் தோள் கொடுக்க வேண்டும். அது போட்டியாகவோ, படிப்பாகவோ, பயணமாகவோ இருக்கலாம்.

ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பர். முறை மாறி முறை தோள் கொடுக்கும் குடும்பத்திலேயே விளையாட்டு இருவருக்கும் மகிழ்ச்சி தரும்.