பட்டா கேட்கும் இணையதளம்

ஆன்லைனில் சாதி இல்லை என்கிறார்கள் நண்பர்கள். 2024 ஜூலையில் தமிழ்நாட்டில் வந்த சுயசான்றுத் திட்டத்தில், 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை வீடு கட்ட உடனடி அனுமதி. நல்லதுதான். ஆனால் இடம் உன்னுடையது என்பதற்குப் பத்திரமும் பட்டாவும் கேட்கிறதே!

நகராட்சிக்குள் இருக்கும் எங்கள் சேரியில் மூன்று தலைமுறையாக வீட்டுவரி ரசீது இருக்கிறது, கரண்ட் பில் இருக்கிறது. பட்டா இல்லை. அம்மா மனு கொடுத்துக் கொடுத்தே ஓய்ந்துவிட்டார். பஞ்சமருக்கென்று 1892இல் ஆணையிட்டு ஒதுக்கிய நிலமே கைமாறிப்போன ஊர் இது. எங்களுக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்?

அனுமதி இல்லையென்றால் வங்கிக் கடன் கிடையாது. வட்டிக்கு வாங்கிக் கட்டினால் 'விதிமீறல்'. அப்புறம் ஜேசிபி வரும். அதற்கு மட்டும் எந்தப் பட்டாவும் தேவைப்படுவதில்லை.

முதலில் சேரிக்குப் பட்டா கொடுங்கள். சர்வர் வேகத்தைப் பிறகு பேசலாம்.