காஸ் நிரப்பினால் தீருமா?



இம்மாதம் தங்களுடன் ஒரு காரைப் பற்றிப் பேச விரும்புகிறேன். கலைப் பாடம் பயின்று, மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் எனக்கும் கார் இயந்திரத்துக்கும் என்ன தொடர்பு என்று தாங்கள் வினவக்கூடும். அத்தொடர்பை உண்டாக்கியது ஒரு சித்திரை மாதத்து வெயில்தான்.

வெளிநாட்டில் பணிபுரியும் என் மச்சான், விடுமுறையில் வந்தபோது பழைய கார் ஒன்றை வாங்கினார். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உடைய என் மாமியை மாதந்தோறும் தஞ்சைக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்வதற்கென்றே வாங்கிய கார் அது. ஒரு நண்பகலில் திருமானூர் கொள்ளிடப் பாலத்தின் மேல் வாகனங்கள் தேங்கி நின்றுவிட்டன. ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது; ஆனால் வந்தது வெதுவெதுப்பான காற்று. பின்னிருக்கையில் இருந்த மாமிக்கு வியர்த்துக் கொட்டி, கண்கள் சொருகின. கண்ணாடிகளை இறக்கி, முகத்தில் நீர் தெளித்து, திருவையாறு சென்று சேர்வதற்குள் நாங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது.

இத்தனைக்கும் அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் ஒரு பணிமனையில் இருமுறை காஸ் நிரப்பியிருந்தோம். செலவு 3,200 ரூபாய். ஒவ்வொரு முறையும் சில நாட்கள் குளிர்ந்ததாகத் தோன்றியது. பிறகு பழைய கதைதான்.

மூன்றாம் முறை அங்கே செல்லாமல், திருமானூரிலேயே ஒரு முதிய மெக்கானிக்கிடம் காரைக் கொண்டுபோய் நிறுத்தினோம். அவர் எந்தக் கருவியையும் கையில் எடுக்கவில்லை. “பாய், வண்டி ஓடும்போது குளிருதா, நிக்கும்போது குளிருதா?” என்று கேட்டார். “ஓடும்போது பரவாயில்லை, நின்றால்தான் குளிர் போய்விடுகிறது” என்றேன். ஒரு வாளி நீரை எடுத்து, காரின் முகப்புச் சல்லடை வழியே உள்ளே மெல்ல ஊற்றினார். இரண்டு நிமிடத்தில் உள்ளே காற்று சில்லென்று வரத் தொடங்கியது! நாங்கள் திகைத்து நிற்க, அவர் சிரித்துக்கொண்டே, “காஸ் இருக்கு பாய். சூடு வெளியே போக வழியில்லை” என்றார்.

அவர் சொன்னதன் பொருளை அறிய, இந்தக் குளிர் எவ்வாறு உண்டாகிறது என்பதைத் தாங்கள் சிறிது அறிதல் வேண்டும். கம்ப்ரஸர் காஸை அழுத்துகிறது. அழுத்தத்தால் அது சூடாகிறது. ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் கண்டென்ஸர், அந்தச் சூட்டை வெளிக்காற்றில் விட்டு, காஸைத் திரவமாக்குகிறது. அத்திரவம் எக்ஸ்பான்ஷன் வால்வின் சிறு துளை வழியே பீறிட்டு, டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் மறுபடியும் ஆவியாகிறது. ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை ஈர்த்துக்கொள்கிறது. நம் வீட்டு மண்பானை நீரைக் குளிர்விப்பதும் இதே விதியால்தான். ஆக, கார் குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளேயிருக்கும் சூட்டைச் சுமந்து சென்று வெளியே கொட்டுகிறது. கொட்டும் இடம் அடைபட்டால்?

எங்கள் காரில் நேர்ந்தது அதுவே. அரியலூர் சுண்ணாம்புக்கல் பூமி. கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓயாது செல்லும் சாலைகள். தை, மாசி அறுவடையில் சாலையிலேயே நெல்லைக் காயவைக்கிறோம், வைக்கோல் ஏற்றிச் செல்கிறோம். கண்டென்ஸரின் மெல்லிய தகடுகளுக்கு இடையே தூசியும் பதரும் சேர்ந்து அடைபோல் இறுகியிருந்தன. கார் ஓடுகையில் எதிர்க்காற்று ஓரளவு உட்புகுந்துவிடும். நின்றுவிட்டால் மின்விசிறி இழுக்கும் காற்றுக்கு அந்த வலிமை இல்லை. விசிறியே சுழலாவிட்டாலும் இதே அறிகுறிதான் தோன்றும் என்றார் அவர்.

காஸ் பெட்ரோலைப் போல் எரிந்து தீர்வதன்று. மூடிய குழாய்களுக்குள் அதே காஸ் சுற்றிச் சுற்றி வருகிறது. இணைப்புகளின் வழியே ஆண்டுக்கணக்கில் சிறிது கசியலாம். ஆனால் இரண்டு மாதத்தில் இருமுறை குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அல்லது குறையவே இல்லை என்பதுதான் பொருள். எங்களுக்கு இரண்டாவது. குறையாத காஸின் மேல் மேலும் காஸை ஏற்றியதால் அழுத்தம் கூடிக் குளிர்ச்சி இன்னும் குன்றியிருந்தது!

மீட்டர் முள் சரியாக நிற்கிறதே என்பார்கள். சகோதரிகளே, தங்கள் சமையல் காஸ் சிலிண்டரை நினைத்துப் பாருங்கள். உள்ளே திரவம் பாதி இருந்தாலும் கால் பங்கு இருந்தாலும் அடுப்பு ஒரே மாதிரிதான் எரிகிறது. எவ்வளவு மீதி என்று அறியத் தூக்கித்தானே பார்க்கிறோம்? ஓடாமல் நிற்கும் கார் ஏ.சி.யின் அழுத்தமும் அப்படியே. அது வெயிலின் அளவைச் சொல்லுமேயன்றிக் காஸின் அளவைச் சொல்லாது. ஆகவே இருப்பதை முழுதும் வெளியே எடுத்து, வேக்குவம் பம்பால் குழாய்களிலுள்ள காற்றையும் ஈரத்தையும் அகற்றி, எடை போட்டு நிரப்புவதே முறை. எத்தனை கிராம் என்பது பெரும்பாலும் பானெட்டின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் அச்சிடப்பட்டிருக்கும். சிறிய கார்களுக்கு ஏறத்தாழ அரைக் கிலோ. அந்தப் பெரியவர் தம்மிடம் அதற்கான இயந்திரம் இல்லை என்று வெளிப்படையாகக் கூறி, தஞ்சைக்கு அனுப்பிவைத்தார். வாளி நீருக்கும் சுத்தம் செய்ததற்கும் அவர் வாங்கியது 200 ரூபாய்.

எடுக்கும் காஸைக் காற்றில் திறந்துவிடுகிறவர்களும் உண்டு. பழைய கார்களில் இருந்த ஆர்-12 ஓசோன் படலத்தை அரித்ததால் 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்பாட்டின்படி படிப்படியாக விலக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த ஆர்-134ஏ ஓசோனைத் தொடுவதில்லை. எனினும் கரியமில வாயுவைக் காட்டிலும் ஆயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கக்கூடியது. உருளையில் சேமிக்கும் இயந்திரம் உள்ள இடமா என்று கேட்டுவிட்டே காரைக் கொடுங்கள்.

எல்லாக் கார்களுக்கும் எங்கள் காரின் நோய்தான் என்று எண்ணிவிட வேண்டாம். பாடம் வராத மாணவனிடம், அவனுக்குக் காது கேட்கவில்லையா, கவனம் இல்லையா என்றுதானே முதலில் பார்க்கிறோம்? அதுபோல், காற்று பலமாக வந்து குளிர் இல்லையா, காற்றே பலமின்றி வருகிறதா என்று பாருங்கள். காற்று குறைந்திருந்தால் பெரும்பாலும் கையுறைப் பெட்டிக்குப் பின்னாலிருக்கும் கேபின் ஃபில்டர்தான் குற்றவாளி. அதைக் கழற்றித் தட்டிப் பார்க்கக் காசு வேண்டாம். நன்றாகக் குளிர்ந்து, அரை மணியில் காற்று மெலிந்து, சிறிது நேரம் அணைத்துவைத்தால் மறுபடி வருமாயின் கூலிங் காயிலில் பனி உறைகிறது. கம்ப்ரஸர் சில வினாடிக்கு ஒருமுறை ‘டக் டக்’ என்று விழுந்து எழுந்தால் காஸ் குறைந்திருக்க வாய்ப்புண்டு; அப்போது குழாய் இணைப்புகளில் எண்ணெய்க் கசிவைத் தேடச் சொல்லுங்கள், காஸோடு எண்ணெயும் சேர்ந்தே கசியும். பானெட்டைத் திறந்து தாங்களே பார்ப்பதானால் கையை விசிறியின் அருகே கொண்டுபோகாதீர்கள். அது சொல்லாமல் சுழலத் தொடங்கும்.

சில வேளை பழுது எதுவுமே இராது. வெயிலில் அடைத்து நிறுத்திய காரினுள் அரை மணி நேரத்தில் வெளியைவிட ஏறத்தாழ 20 டிகிரி கூடிவிடும். ஏறியதும் ஏ.சி.யைத் திட்டாமல், கண்ணாடிகளை இறக்கி இரண்டு நிமிடம் ஓட்டி, அந்த அனலை வெளியேற்றிவிட்டு மூடுங்கள். பிறகு உள்காற்றே சுற்றும் பொத்தானை அழுத்துங்கள். பிள்ளைகளையும் முதியோரையும் அந்த அனலில் ஒரு நிமிடம்கூட விட்டுச் செல்லாதீர்கள்.

மச்சான் திரும்பிச் சென்றுவிட்டார். கார் இப்போது என் மூத்த மகன் பொறுப்பில். அறுவடை மாதங்களில் வாரம் ஒருமுறை, எஞ்சின் ஆறிய பின் குழாய் நீரால் கண்டென்ஸரைக் கழுவுகிறான். வேகமாகப் பீய்ச்சும் பம்பு வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன். அந்தத் தகடுகள் விரல் பட்டாலே மடங்கிவிடும்.