டெல்லியில் புகை... சிவகாசியில் கவலை!

மழை குறைந்த, வறண்ட வானிலைதான் சிவகாசியில் பட்டாசுத் தொழில் வளர ஒரு காரணம். அந்தப் பட்டாசை டெல்லியில் விற்க, 2017 தீபாவளியின்போது உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2018-ல், நாடு முழுவதும் புகை குறைந்த பசுமைப் பட்டாசு மட்டுமே வெடிக்கலாம் என்றது. பிறகு டெல்லியில் முழுத் தடையும் வந்தது. 2025 தீபாவளிக்குப் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் சில நாட்கள் அனுமதி கிடைத்தது.

டெல்லியைச் சூழும் புகைக்குப் பட்டாசு மட்டும்தான் காரணமா? இல்லை. வாகனப் புகை, தொழிற்சாலைப் புகையுடன், பஞ்சாப், அரியானா வயல்களில் எரிக்கும் நெல் தாளின் புகையும் சேர்கிறது.

ஏன் எரிக்கிறார்கள்? பஞ்சாபில் நிலத்தடி நீர் வேகமாகக் குறைந்தது. அதனால், கோடை வெயிலில் நெல் நடக்கூடாது என 2009-ல் அம்மாநிலம் சட்டம் போட்டது. நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போனது. அடுத்துக் கோதுமை விதைக்க இரண்டு, மூன்று வாரங்களே மிச்சம். தாளை அகற்ற நேரமில்லாமல் பலர் தீ வைக்கிறார்கள். நீரைக் காக்கப் போய், காற்று கெட்டது!

இதற்கு ஒரு வழி உண்டு. அதுதான் உழாமல் விதைப்பது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளும் சேர்ந்து 'ஹேப்பி சீடர்' என்ற கருவியை உருவாக்கினார்கள். டிராக்டரில் பூட்டி ஓட்டினால், தாளை வெட்டி, உழாத மண்ணில் கோதுமையை விதைத்து, வெட்டிய தாளை மேலே பரப்பிவிடும். இதற்குப் பெயர் மூடாக்கு. வெயில் மண்ணில் நேராகப் படாது. ஈரம் சீக்கிரம் ஆவியாகாது. களை குறையும். தாள் மக்கி உரமாகும். நெல் வயலில் மிஞ்சிய ஈரத்திலேயே கோதுமை முளைத்துவிடும்!

அப்படியானால் எல்லோரும் ஏன் செய்யவில்லை? கருவியின் விலை அதிகம். ஆண்டில் சில வாரங்கள்தான் அதற்கு வேலை. சிறு விவசாயிக்கு அது உரிய நேரத்தில் வாடகைக்குக் கிடைத்தால்தான் பயன்.

விருதுநகர் மாவட்டத்தின் மானாவாரிக் கரிசலுக்கும் ஈரம் காப்பது அவசியம். ஆனால் இங்கே சோளத்தட்டை மாட்டுக்குத் தீவனம். அத்தனையையும் நிலத்தில் விட்டால் மாடு எதைத் தின்னும்? மாடு தின்னாத இலை, தழைகளை மூடாக்காகப் போடலாம்.

நீங்களே சோதித்துப் பாருங்கள். இரண்டு தொட்டிகளில் மண் நிரப்பி, ஒரே அளவு நீர் ஊற்றுங்கள். ஒன்றை மட்டும் காய்ந்த சருகால் மூடுங்கள். எது முதலில் காய்கிறது?

பட்டாசுக்குக் கட்டுப்பாடு தேவைதான். ஆனால் வயல் தீயை அணைக்காமல், பட்டாசை மட்டும் நிறுத்தினால் டெல்லிக் காற்று சுத்தமாகிவிடாது. சிவகாசித் தொழிலாளியின் வேலைதான் போகும். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதுதானே நியாயம்?