கண்ணாடிக்குள் கடல்

கண்ணாடித் தொட்டியில் கடல் ஜலம் நிரப்பி, பவளப்பாறையின் சாயலை உண்டாக்கி, அதில் மீன்களோடு நட்சத்திர மீனையும் வளர்க்க வேண்டுமென்ற ஆசை நமது நகரங்களில் சிலருக்கு உண்டாகியிருக்கிறது. கடலின் அற்புதங்களைக் குழந்தைகள் வீட்டிலேயே காண வேண்டுமென்ற எண்ணத்தை நாம் குறை கூறவில்லை. ஆயினும், ஓர் உயிரை வீட்டுக்குக் கொணர்பவர் அதன் இயல்பை முதலில் அறிந்திருத்தல் வேண்டும். அறியாமல் வாங்குவது வளர்ப்பாகாது. பணம் கொடுத்துக் கொல்வதேயாகும்.

பெயரில் மீன் இருப்பினும் இது மீனன்று. கடல் ஜலத்தையே உடலினுள் குழாய்களில் ஓடவிட்டு, அதன் அழுத்தத்தால் நூற்றுக்கணக்கான சிறு கால்களை நீட்டி நகரும் பிராணி இது. தன்னுள்ளிருக்கும் உப்பைப் புறத்து ஜலத்தினின்றும் வேறாகக் காத்துக்கொள்ளும் சக்தி இதற்கு மிகக் குறைவு. ஆகையால்தான் இவ்வினத்தில் ஒன்றேனும் நன்னீரில் வாழ்வதில்லை. கடல் ஜலத்தில் ஆயிரத்துக்குச் சுமார் 35 பங்கு உப்புண்டு. கடைக்காரர் தரும் பையின் ஜலமும் வீட்டுத் தொட்டியின் ஜலமும் இவ்வளவில் சிறிது வேறுபட்டாலும், திடீரென மாற்றப்பட்ட பிராணி சில நாட்களில் கை கால் கரைந்து மடியும். ஆதலால் அதைப் பையின் ஜலத்தோடு ஒரு பாத்திரத்தில் வைத்து, தொட்டியின் ஜலத்தைச் சொட்டுச் சொட்டாக மூன்று மணி நேரமாவது விட்டுப் பழக்க வேண்டும். தொட்டிக்குள் இறக்கும்போதும் காற்றில் தூக்கலாகாது.

தேர்ந்தெடுப்பதிலும் விவேகம் வேண்டும். உடல் விறைப்பாயும், புண்ணும் வெண்திட்டும் இன்றியும் இருத்தல் வேண்டும். கவிழ்த்து வைத்தால் தானே புரண்டு நிமிர வேண்டும். துவண்டு கிடப்பதை மலிவென்று வாங்குவது வீண். இனத்தையும் விசாரிக்க வேண்டும். மன்னார் வளைகுடாவில் காணப்படும், சிவந்த குமிழ்கள் நிறைந்த பெரிய நட்சத்திர மீன் கண்ணுக்கு அழகானதே. ஆனால் அது புலால் உண்பது. முத்துச்சிப்பிக்கு நட்சத்திர மீன் பகையென்பது முத்துப்பார்களில் பழகியவர்கள் அறிந்த விஷயம். தொட்டியிலுள்ள சிப்பியையும் பவளத்தையும் அது விட்டுவைக்குமென்று எதிர்பார்க்கலாகாது. நீல நட்சத்திர மீனோ சாதுவானது. எனினும் அது பழைய கற்களின்மேல் படியும் நுண்ணிய படலத்தை உண்டு வாழ்வது. புதிய தொட்டியில் பட்டினி கிடந்தே மடியும். 400 லிட்டருக்குக் குறைந்ததும், ஓராண்டு நிறையாததுமான தொட்டியில் அதை விடலாகாதென்பதே நமது அபிப்பிராயம்.

"கடலிலிருந்து ஒன்றை எடுத்தால் என்ன குறைந்துவிடும்?" என்று கேட்போர் உண்டு. சுண்ணாம்புக்காகப் பவளக்கல் வெட்டியவர்களும் தோணி தோணியாகத்தான் எடுத்தார்கள். அதன் பயனாக மன்னார் வளைகுடாவின் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரு தீவுகள் இன்று நீருள் மூழ்கிக் கிடக்கின்றன. தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள தீவுகளைச் சார்ந்த கடற்பகுதி 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கிருந்து அனுமதியின்றி உயிர்களை எடுத்தல் குற்றம். பவளத்துக்கும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஆகவே தொட்டிக்குப் பவளம் தேடுவோர் கடலில் கை வைக்கலாகாது. வலையில் சிக்கி உயிரோடு கரைசேர்ந்த நட்சத்திர மீனையும் தொட்டிக்குக் கொண்டு செல்லாமல், கடலிலேயே திரும்ப விடுவதே தக்கது.

விற்பவர் அதன் இனத்தையும், எடுத்த இடத்தையும் சொல்லட்டும். சொல்லாதவரிடம் வாங்க மறுப்பது வாங்குபவரின் கடமை. கடலை வீட்டுக்குக் கொணர விரும்புவோர், ஓராண்டு காத்திருக்கும் பொறுமையை முதலில் கொணரட்டும். அது இயலாதவர் கடற்கரைக்கே குழந்தைகளை அழைத்துச் செல்லலாம். அதற்குச் செலவுமில்லை, உயிர்ச்சேதமுமில்லை.