பேசாத 'பேசும் படம்'

சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கி 1987-இல் வெளிவந்த 'பேசும் படம்' பற்றிய உரையாடல்கள் பெரும்பாலும் "வசனமே இல்லாமல் ஒரு முழுநீளப் படமா!" என்னும் வியப்போடு முடிந்துவிடுகின்றன. வித்தையைப் பாராட்டி நகர்ந்துவிடுவது அப்படத்திற்கு நாம் இழைக்கும் அநீதி என்றே கருதுகிறோம்.

வசனத்தைத் துறந்த நகைச்சுவை பிறமொழிகளிலும் உண்டு. எரிக் சைக்ஸ் எழுதி இயக்கி நடித்த 'தி பிளாங்க்' (1967) என்னும் பிரிட்டிஷ் குறும்படத்தில், தரை பாவுவதற்கு ஒரு பலகை குறைகிறது. இரு தொழிலாளர்கள் அதைத் தெருவழியே கொண்டுவருகிறார்கள். முனகலும் உறுமலும் உண்டு. பொருள்படும் பேச்சு மிக அரிது. அடுத்து யார் மீது பலகை இடிக்குமோ என்பதே அங்கே நகைக்கு ஊற்று. சிங்கீதம் அத்தோடு நிற்கவில்லை.

நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களை வகுத்தவர் தொல்காப்பியர். அவர் அதற்கு இட்ட பெயரே மெய்ப்பாடு. உள்ளத்து உணர்வு மெய்யின்கண் வெளிப்படுவது. வேலையற்ற இளைஞனாகிய கமல்ஹாசன், குடிபோதையில் கிடந்த செல்வரைக் கட்டிவைத்துவிட்டு அவருடைய நட்சத்திர விடுதி அறையில் குடியேறுகிறார். அங்கே நிலவும் அமைதியில் உறக்கம் வருவதில்லை. தன் பழைய இருப்பிடத்தின் இரைச்சலை ஒலிநாடாவில் பதிந்துவந்து ஓடவிட்ட பிறகே கண்ணயர்கிறார். பேதைமை கண்டு சிரிக்கிறோம். அப்பேதைமைக்குள் இருக்கும் வறுமை சற்றுப் பின்னரே உறைக்கிறது.

இளைஞன் பொறாமையோடு பார்க்கும் பிச்சைக்காரர் ஒருவர் படத்தில் வருகிறார். பணத்தைப் பதுக்கி வைத்திருக்கும் அவர் இறந்ததும், பிணம் கேட்பாரற்றுப் போக, பணத்திற்கு அடிதடி நடக்கிறது. செத்தும் கொடுத்தவர் என்று சீதக்காதி வள்ளலைப் போற்றும் கீழக்கரையில் வாழும் நமக்கு அக்காட்சியின் எள்ளல் இருமடங்காகச் சுடுகிறது.

இறுதியில் காதலி ரோஜாவோடு சேர்த்து எறியும் முகவரித் தாள் நழுவிச் சாக்கடையில் விழுகிறது. படம் முழுதும் சொல் தேவைப்படாத அவனுக்கு வாழ்வையே மாற்றியிருக்கக்கூடிய சொற்கள் அத்தாளில் இருந்தன. சொல்லின் அருமையை இதைவிட அழுத்தமாக உணர்த்திய வசனம் எதையும் நாம் தமிழ்த் திரையில் கேட்டதில்லை.

நம் கல்லூரிகளில் மெய்ப்பாட்டியல், எட்டையும் முப்பத்திரண்டையும் மனப்பாடம் செய்து தேர்வில் ஒப்பிக்கும் பட்டியலாகச் சுருங்கிக் கிடக்கிறது. உடம்பில் தோன்றுவதைச் சொல்லால் மட்டுமே கற்பிக்கிறோம். அவ்வியலைத் தொடங்கும் நாளில் நூலை மூடிவைத்து இப்படத்தை மாணவர்க்குக் காட்டலாம். முதலில் அவர்கள் சிரிக்கட்டும். எதற்குச் சிரித்தோம் என்று அவர்களே கேட்கத் தொடங்கும்போது தொல்காப்பியரைத் திறப்போம்.