தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

சென்ற மாதம் எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஏரிக்கு மதகு சரியில்லை, தெருவிளக்கு எரியவில்லை என்றெல்லாம் கூப்பிட்டால் நாலு பேர் கூட வராத தெரு. அன்றைக்கு முப்பது பேர் வந்திருந்தார்கள். விஷயம் இதுதான். மனநோயிலிருந்து தேறிய நான்கு பெண்களைக் குடிவைக்க, ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் தெருவில் வீடு கேட்டிருந்தது. வீட்டுக்காரர் முன்பணம்கூட வாங்கிவிட்டார்.

“பெண் பிள்ளைகள் இருக்கிற தெரு” என்றார் ஒருவர். வரப்போகிறவர்களும் பெண்கள்தான் என்பது அவருக்குத் தோன்றவில்லை. “மனை விலை இறங்கிவிடும்” என்றார் இன்னொருவர். மூன்றாமவர் படித்தவர், நிதானமாகப் பேசுவார். “பாவம், அவர்களுக்கு வேண்டாம் என்று யார் சொன்னது? ஊருக்கு வெளியே காற்றோட்டமாகப் பெரிய கட்டடமாகக் கட்டட்டும். நானும் பத்தாயிரம் தருகிறேன்” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். காகிதம் சுற்றி வந்தது. நான் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் எதிர்த்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று பேசாததை இங்கே எழுதுகிறேன். தெருக்காரர்கள் கோபித்துக்கொண்டால் வீட்டுக்கு வாருங்கள், காபி குடித்துக்கொண்டே சண்டை போடலாம்.

முதல் இரண்டு பேரைவிட எனக்கு அந்த மூன்றாமவர் மேல்தான் வருத்தம். “ஊருக்கு வெளியே” என்பது கருணை மாதிரி ஒலிக்கிறது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் ஒருமுறை பார்த்துவிட்டோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள். அவர்களும் யாரோ ஒரு தெருவில் வேண்டாம் என்று சொல்லப்பட்டவர்கள்தான்.

என் வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் சின்ன அத்தை, அப்பாவின் தங்கை, எங்கள் வீட்டுத் தறிக்குத் தார் சுற்றிக் கொடுப்பார். இழை அறுந்தால் கண்ணால் பார்க்காமலே விரலால் கண்டுபிடிப்பார். இருபத்தைந்து வயதில் யாரோ கூப்பிடுகிற மாதிரிக் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. மந்திரித்தார்கள், கயிறு கட்டினார்கள். கடைசியில் பின்கட்டு அறையில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டார்கள். அப்பா கெட்டவர் இல்லை. அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

பிறகு மருத்துவம் பார்த்து, மாத்திரையில் குரல்கள் அடங்கின. ஆனாலும் வீட்டில் கல்யாணத்துக்கு என் தங்கை இருந்தாள். அத்தையை வெளியூரில் ஒரு இல்லத்தில் சேர்த்தோம். பதினோரு வருஷம் அங்கே இருந்தார். கூடத்தில் நாற்பது கட்டில். மாலை ஆறு மணிக்குக் கதவு பூட்டிவிடுவார்கள். யாரும் அடிக்கவில்லை, சாப்பாடு வேளைக்கு வந்தது. தங்கைக்குக் கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்தும் நாங்கள் அவரைத் திரும்ப அழைத்து வரவில்லை. நான் கடைசியாகப் போனபோது கேட்டார்: “தாப்பா உள்பக்கம் இருக்கிற ரூமா ஒண்ணு பாத்துக் குடுப்பா. நானே போட்டுக்கணும், நானே தெறக்கணும்.” சரி அத்தை என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அடுத்த வருஷம் அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் கேட்டதற்கு இன்றைக்குச் சட்டமே இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்பதற்காக மட்டும் ஒருவரை மனநல நிலையத்தில் தொடர்ந்து வைத்திருக்கக் கூடாது என்கிறது அதன் 19-ஆவது பிரிவு. சமூகத்தோடு சேர்ந்து வாழ்வது அவர்கள் உரிமை. அதற்குத் துணையான குடியிருப்புகளை ஏற்படுத்துவது அரசின் கடமை. எங்கள் தெருவில் சுற்றி வந்த காகிதத்துக்கு இந்தச் சட்டத்தின் முன் என்ன மதிப்பு?

“நடக்கிற காரியமா?” என்பீர்கள். நம் பக்கத்திலேயே நடக்கிறது. 1993-இல் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும் சென்னையில் தொடங்கிய ‘தி பேனியன்’ அமைப்பு, ‘ஹோம் அகெய்ன்’ என்ற பெயரில் இதைச் செய்து வருகிறது. பல காலம் மருத்துவமனையிலேயே இருந்துவிட்டவர்கள் நான்கைந்து பேராகச் சேர்ந்து, சாதாரணத் தெருவில், சாதாரண வாடகை வீட்டில் குடியிருக்கிறார்கள். யாரோடு யார் இருப்பது என்பதை அவர்களே முடிவு செய்கிறார்கள். உதவிக்குப் பணியாளர்கள் உண்டு. சமையல், கடைக்குப் போவது, வேலைக்குப் போவது, கோயிலுக்குப் போவது எல்லாம் நம்மைப் போலத்தான். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் நல்ல முன்மாதிரிகளில் ஒன்றாக இதைக் காட்டியிருக்கிறது. ஜெனீவாவில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை.

இன்னொரு சாக்கு: “முழுசாகக் குணமாகட்டும், அப்புறம் வீடு கொடுக்கலாம்.” நியூயார்க்கில் 1992-இல் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் இதைத் தலைகீழாக்கினார். முதலில் வீடு, மற்றதெல்லாம் பிறகு என்றார். தெருவில் கிடந்தவர்களுக்கு நிபந்தனை போடாமல் வீடு கொடுத்தார்கள். பெரும்பாலோர் அந்த வீட்டிலேயே நிலைத்தார்கள். நடைபாதையில் படுத்துக்கொண்டு வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிட நம்மில் யாரால் முடியும்?

இல்லம் நடத்துகிறவர்களையும் நான் விடப்போவதில்லை. நான்கு பேரை ஒரு வீட்டில் வைத்துவிட்டு, சுவரில் நேர அட்டவணை ஒட்டி, வாசலில் பூட்டுப் போட்டால் அது சின்ன ஆஸ்பத்திரிதான், வீடு இல்லை. ஆளுக்கொரு அலமாரி, அதற்குச் சாவி அவரவர் கையில் வேண்டும். வங்கிக் கணக்கும் ரேஷன் அட்டையும் வாக்காளர் அட்டையும் அவரவர் பெயரில் வேண்டும். ஒருவருக்கு மறுபடி உடம்பு முடியாமல் போய் ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தால், திரும்பி வரும்போது அவர் கட்டில் அங்கேயே இருக்க வேண்டும். நடுராத்திரியில் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தால் எடுக்க ஒரு பொறுப்பான ஆள் வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் சரியாகச் செய்தாலே பாதித் தெருவின் பயம் போய்விடும்.

துணைக்கு இருக்கும் ஆள்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். நெசவு தெரிந்தவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். கோர்வைச் சேலை நெய்ய ஒருவர் போதாது, பக்கத்தில் ஒரு துணையாள் வேண்டும். அவர் கை கொடுக்காவிட்டால் கரையும் உடலும் சேராது. ஆனால் நெய்கிறவரை எழுப்பிவிட்டு அவரே தறியில் உட்கார்ந்துகொள்வதில்லை. இந்த வீடுகளிலும் அப்படித்தான். சோறாக்கிப் போடுவதைவிட, ஆக்கத் தெரியும்வரை கூட நிற்பது கடினம். அந்த வேலை செய்கிற பெண்ணுக்குப் பயிற்சி வேண்டும், வார விடுமுறை வேண்டும், மாதம் பிறந்தால் தவறாமல் சம்பளம் வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருவர் மாறிக்கொண்டிருந்தால் குடியிருப்பவர்கள் யாரைத்தான் நம்புவார்கள்?

பணம்தான் பெரிய சிக்கல், மறுக்கவில்லை. டியூப்லைட்டில் ‘உபயம்’ என்று பெயர் எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற நாடு இது. கட்டடத்துக்குக் கொடுப்போம், கல்லில் பெயர் வரும். பிறந்தநாளுக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு போடுவோம். நாம் வந்து சேரும்வரை பசியோடு காத்திருந்து அவர்கள் கைதட்ட வேண்டும். வாடகைக்கும் துணையாளின் சம்பளத்துக்கும் கொடுக்க ஆள் இல்லை, அதில் பெயர் எழுத இடமில்லையே. அந்த நண்பர் தருவதாகச் சொன்ன பத்தாயிரத்தை வாடகைக்குத் தரட்டும், கைகூப்பி வாங்கிக்கொள்கிறேன்.

எங்கள் ஊரில் வராகீஸ்வரரும் இருக்கிறார், தாமோதரப் பெருமாளும் இருக்கிறார். இரண்டு பேருக்கும் இடம் கொடுத்த ஊரில் நான்கு பெண்களுக்கு இடமில்லை என்றால் எனக்குச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

மகன் பெங்களூருக்குப் போனதிலிருந்து எங்கள் வீட்டு மாடிப் பகுதி காலியாகக் கிடக்கிறது. போன வாரம் அந்த நிறுவனத்துக்குப் போன் செய்து, வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டேன். என் மனைவி முதலில் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “தண்ணி மோட்டார் யார் போடறது, கரண்ட் பில் எப்படிப் பிரிக்கறதுன்னு முதல்லயே பேசிடுங்க” என்றாள். எந்த வாடகைக்காரர் வந்தாலும் இதையேதான் சொல்வாள்.

மாடி அறைக்கு வெளிப்பக்கமும் ஒரு தாழ்ப்பாள் இருந்தது. நேற்று ஆசாரியைக் கூப்பிட்டு அதைக் கழற்றச் சொன்னேன். அடுத்த கூட்டம் போடுவதானால் என் வீட்டுத் திண்ணையிலேயே போடுங்கள். இந்த முறை நான் பேசுவேன்.